எட்டு ஆபீசுக்கும் ஒரே ரூல்

போன புதன்கிழமை மேகமலைக்குப் போயிருந்தேன். உடனே, 'பனி எப்படி இருந்தது, யானை பார்த்தீர்களா' என்று கேட்காதீர்கள். நான் பார்க்கப் போனது ஒரு டப்பாவை.

தேயிலையும் ஏலக்காயும் விற்கிற ஒரு கம்பெனியில் நெட்வொர்க் பார்ப்பதுதான் என் பிழைப்பு என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். போடி, கம்பம், குமுளி, மேகமலை என்று மொத்தம் எட்டு ஆபீஸ். ஒவ்வொன்றிலும் ஃபயர்வால் என்று ஒரு டப்பா. இணையத்திலிருந்து எதை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது என்று பார்க்கிற வாட்ச்மேன் வேலை அதற்கு. எட்டு வாட்ச்மேன்களுக்கும் உத்தரவு போவது, பழனிசெட்டிபட்டி ஹெட் ஆபீசில் என் மேஜையில் இருக்கும் ஒரே திரையிலிருந்து. ஒரு கிளிக்... எட்டு ஊருக்கும் ஒரே ரூல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா?

அந்தத் திரையில் மேகமலைக்கு நேரே நாலு மாதமாகச் சிவப்புப் புள்ளி. டப்பா தொடர்பில் இல்லை என்று அர்த்தம். மலையில் கரண்ட் நிற்கும், மரம் விழும், கேபிள் அறும்... அங்கே எல்லாம் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். ஆனால் அங்கிருந்து மெயில் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அதையாவது யோசித்திருக்க வேண்டாமா?

அப்போதுதான் எங்கள் ஏலக்காயை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, எல்லா ஆபீசிலும் ஒரே பாதுகாப்பு விதிதான் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டது. எங்கெல்லாம் மீறல், ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் வேண்டுமாம். வேறு வழியில்லாமல் சின்னமனூரில் ஜீப் ஏறினேன். அந்த ரோட்டில் போய் இறங்கியபோது இடுப்பு என்னுடையதாகவே இல்லை.

அங்கே கிளார்க், அருளப்பன் அண்ணன். ராயப்பன்பட்டிக்காரர். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கிறது.

டப்பா இருந்தது. கரண்டும் இருந்தது. ஆனால் பவர் ஒயரைத் தவிர அதில் ஒரு கேபிள்கூட இல்லை. இணையக் கேபிள் டப்பாவைத் தொடாமல் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போயிருந்தது. டப்பாவின் மேலே ஆள் வருகை எழுதுகிற நோட்டும் இரண்டு தீப்பெட்டியும்.

"மழைக்கு எல்லாம் நமுத்துப் போகுது மேடம். இது நல்லா கதகதன்னு இருக்கு," என்றார்.

நாலு மாதமாக எங்கள் வாட்ச்மேன் தீப்பெட்டி காயவைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"கேபிளை யாருண்ணே எடுத்தது?"

"நாந்தேன்." அவர் மறைக்கவில்லை. "வீடியோ கால் நின்னுபோச்சுல்ல. ரெண்டு தடவை ஒங்களுக்குப் போன் போட்டேன். எல்லாருக்கும் ஒரே ரூல்தாண்ணேன்னு சொல்லிட்டீக. அதுக்கு மேல என்னத்தக் கேக்க?"

சொல்லியிருக்கிறேன். ஞாபகம் வந்தது. குமுளி ஆபீசில் ஒருவர் வேலை நேரத்தில் வீடியோ காலிலேயே குடியிருந்தார். அவர் ஒருவருக்காக எட்டு ஆபீசிலும் நிறுத்தினேன். மேகமலையில் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயன் வீடுகளில் செல்போன் சிக்னல் கிடையாது. கொழுந்து பறிக்கிற பெண்களின் பிள்ளைகள் கீழே ஹாஸ்டலில் படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் வரிசையில் நின்றுதான் அந்த அம்மாக்கள் பிள்ளை முகம் பார்க்கிறார்கள். இதெல்லாம் என் திரையில் தெரியாது.

அதற்காக அண்ணன் செய்தது சரி என்றும் சொல்ல முடியாது. அந்தக் கம்ப்யூட்டரில் அத்தனை தொழிலாளர்களின் ஆதார் நம்பரும் இருக்கிறது. திறந்து பார்த்தால், யாரும் ஏற்றாத இரண்டு புரோகிராம்கள் சாவகாசமாக உட்கார்ந்திருந்தன. துடைத்து முடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு கேபிளைத் திரும்ப டப்பாவில் மாட்டினேன். மாட்டியதும் வீடியோ கால் நின்றது.

அந்த நேரம் பார்த்து டீ கொண்டுவந்தார் பாக்கியம் என்கிற தொழிலாளிப் பெண்.

"பொட்டியச் சரி பண்ண வந்தவுக நீங்கதானா? ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிஞ்சிரும்ல? எம்மகளுக்கு முன்பல்லு விழுந்திருச்சாம். பாக்கணும்."

நான் டீயைக் குடித்தேன். வேறென்ன செய்ய?

பட்டியல் விஷயத்தை அருளப்பன் அண்ணனிடம் சொல்லியிருந்தேன். கிளம்பும்போது ஜீப் வரைக்கும் வந்தார். "பட்டியல்ல எம்பேரையே எழுதிருங்க மேடம். நீங்க எதுக்குப் பொய் சொல்லிக்கிட்டு?"

பாதுகாப்புக் கருவியைக் கழற்றினால் வேலை போகும் என்று கம்பெனியில் ஒரு சுற்றறிக்கை உண்டு. அதை டைப் செய்தவள் நான்தான். இரண்டு வருஷ சர்வீசை மிச்சம் வைத்துக்கொண்டிருக்கிற மனிதரின் பெயரை எழுத வேண்டியவளும் நான்தான்.

மறுநாள் பட்டியலை எடுத்தேன். மீறல் மொத்தம் பதினொன்று. மேகமலை கடைசி. மீதிப் பத்து? முதலாளி அறையில் கிரிக்கெட். கம்பம் மேனேஜருக்கு சீரியல். முதலாளியின் மச்சானுக்கு, 'ஒரு வாரத்துக்கு மட்டும்மா' என்று திறந்துவிட்டு இரண்டு வருஷமாக மூடாத ஏதோ ஒன்று... பத்தும் என் கையால் திறந்தவை. எல்லாம் போன் போட்டுக் கேட்டவர்களுக்கு.

அருளப்பன் அண்ணனும் போன் போட்டுத்தானே கேட்டார்? அவர் கேட்டபோது மட்டும் எனக்கு ரூல் ஞாபகம் வந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் ஒரே ரூல், ஒரே ரூல் என்று மீட்டிங்கில் பேசிய பேச்செல்லாம் அலுத்துப்போனது.

பத்தையும் மூடினேன். புதிதாக ஒன்று எழுதினேன் – ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை வீடியோ கால் உண்டு. மேகமலைக்கு மட்டும் என்றால் அதுவும் மீறலாகிவிடும். அதனால் எட்டு ஆபீசுக்கும். கையில் போன் இருக்கிற மற்ற ஏழு ஊரிலும் யாரும் அதைச் சீண்டப்போவதில்லை, தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலாளி கையெழுத்துப் போட்டால்தான் இதெல்லாம் செல்லும். வெள்ளிக்கிழமை காலை தாளை நீட்டினேன். கிரிக்கெட்டைப் படித்தபோது ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பதினொரு வரியிலும் 'பொறுப்பானவர்' என்ற இடத்தில் என் பெயர். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"ஏம்மா, மேகமலைக்கு நீயா ஏறிப்போய்க் கேபிளப் பிடுங்குன?"

"இல்லய்யா. இங்கன உக்காந்துக்கிட்டே பிடுங்குனேன்."

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அருளப்பன் அண்ணனைப் பற்றி அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் எனக்கு ஒரு மெமோ வந்தது. சரியான விலாசத்துக்குத்தான் வந்திருக்கிறது.