பொம்மை டாக்டருக்கு ஒரு பல் செட்டு

முப்பத்தோரு வருடங்களாகப் பல் செட்டு செய்வதுதான் அவள் வேலை. பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில், ஜன்னலோரம் அவள் மேஜை. மெழுகில் பல்வரிசை கட்டி, அச்சில் வார்த்து, தேய்த்து மெருகேற்றி முன்னறைக்கு அனுப்புவாள். அதை மாட்டிக்கொண்டவர்கள் டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பின்னால் ஒருத்தி இருப்பதே பலருக்குத் தெரியாது. அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. தலைவலி மிச்சம் என்பாள்.

ஒரு நாள், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த பொம்மைக் கடையின் கண்ணாடிக்குள் ஒரு பெட்டியைப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் பல் டாக்டர் பொம்மை. பக்கத்தில் சாய்வு நாற்காலி, விளக்கு, தட்டு, கருவிகள். மூன்று நாள் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினாள். நான்காம் நாள் பஸ்ஸை விட்டுவிட்டாள்.

"பேத்திக்காம்மா?" என்றாள் கடைப்பெண்.

"இல்லம்மா, எனக்குத்தான்."

வீட்டில் அவள் கணவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், பெட்டியைப் பார்த்ததும் கத்திரிக்கோலோடு வந்து உட்கார்ந்தார்.

"அத வைங்க, கோட்டு கிழிஞ்சிடும்" என்றவள், மெழுகு சுரண்டும் கத்தியை எடுத்து, கழுத்து, இடுப்பு, மணிக்கட்டு என்று ஒவ்வொரு பிளாஸ்டிக் கட்டாக அறுத்தாள்.

"இத்தனை கட்டா? ஏதோ ஜாமீன்ல எடுக்கற மாதிரி இருக்கு" என்றார் அவர்.

பொம்மை கைக்கு வந்தது. கோட்டுக்கு நிஜமான பை; விரல் நுனி நுழைந்தது. நாற்காலி சாய்ந்தது, நிமிர்ந்தது. விளக்கின் கழுத்து வளைந்தது. வாய்க்குள் பார்க்கும் கண்ணாடி அரிசி அளவுதான், ஆனால் அதில் அவள் மூக்கு தெரிந்தது. ஒவ்வொன்றையும் கணவரிடம் நீட்டினாள். அவரும் வாங்கிப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

கடைசியாகத் தட்டில் இருந்த பல் செட்டு. வேலைக்கு மாட்டும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பார்த்தவளின் முகம் மாறியது.

"கடைவாய்ப் பல்லெல்லாம் ஒரே கட்டியா இருக்கு. மேலயும் கீழயும் சேரவே சேராது."

"சேர்ந்து என்ன ஆகணும்? யாரு மெல்லப் போறா?"

"செய்யறத ஒழுங்கா செஞ்சா என்னவாம்?"

மறுநாள் பொம்மையோடு வேலைக்குப் போனாள். சாப்பாட்டு இடைவேளையில், மீந்துபோன இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் ஈறு வார்த்தாள். வெள்ளை அக்ரிலிக்கை ஊசிமுனையால் பல் பல்லாகச் செதுக்கி அதில் பதித்தாள். இரண்டு தடவை கைதவறிப் போய், மூன்றாவது கச்சிதமாக அமைந்தது. சுண்டுவிரல் நகத்தில் வைத்தால் உட்கார்ந்துகொள்ளும் அளவு.

எட்டிப் பார்த்த டாக்டரம்மா அப்படியே நின்றுவிட்டாள். "அக்கா, இத ஒரு நாளைக்கு முன்னறையில வைக்கட்டுமா?"

அன்று புது செட்டை வாங்கி மாட்டிக்கொண்ட ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், முன்னறை மேஜைமேல் இருந்ததைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "இத யாரு செஞ்சது?"

"உங்க வாயில இருக்கறத செஞ்சவங்கதான்" என்று பின்னறைக் கதவைத் திறந்துவிட்டாள் டாக்டரம்மா.

அவர் உள்ளே வந்தார். எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். அவளோ பழக்கதோஷத்தில் மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேர்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள். சேர்ந்திருந்தது. பிறகுதான் அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"பொம்மை இங்கயே இருக்கட்டுமே அக்கா" என்று சாயங்காலம் டாக்டரம்மா கேட்டுப் பார்த்தாள்.

"செட்ட வேணா வச்சுக்குங்க, வேற செஞ்சுக்கறேன். இவ என்கூட வந்துடுவா."

வீட்டில் டிவிக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு தட்டு காலியாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்த மருந்துப் பாட்டில்களைக் கணவர் எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று அவள் கேட்கவில்லை. பொம்மையை அங்கே நிறுத்தி, குட்டி நாற்காலியைச் சாய்த்து வைத்து, விளக்கை அதன் பக்கம் திருப்பினாள்.

"இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்" என்றார் அவர், சோபாவில் இருந்தபடியே.