லத்தீப்பின் சிரட்டை

மூட்டையை அவிழ்ப்பதற்கு முன் லத்தீப் தண்ணீர் கேட்பார். பதுளையிலிருந்து துணி மூட்டையோடு மடுல்சீமைக்கு ஏறி வருகிற இந்தப் பன்னிரண்டு வருடமும் அதே வழக்கம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், மேல் லயத்தில் அவருக்கென்று ஒரு தேங்காய்ச் சிரட்டை கூரை ஓரத்தில் செருகியிருக்கிறது. "என் வெள்ளிக் கிண்ணம் பத்திரமா இருக்கா?" என்று தானே உருவிக்கொள்வார். பெண்கள் சிரித்தபடி, செம்பு சிரட்டையில் பட்டுவிடாமல் உயர்த்தி ஊற்றுவார்கள்.

எழுதத் தெரிந்தவர், எல்லா லயமும் பழகியவர் என்று தோட்டத்துத் துரை இந்த மாதம் கேள்வித்தாளை அவரிடம் கொடுத்திருக்கிறார். பக்கத்து லயத்தாரை நம்புகிறாயா? அவர்களோடு ஒரே இடத்தில் தண்ணீர் எடுக்கிறாயா? வேறு மதத்தார் கையால் குடிப்பாயா? எதிரே ஆமாம், இல்லை என்று இரண்டு கட்டம். ஒவ்வொன்றையும் தன்னைக் கேட்டதுபோல் நிறுத்தி நிறுத்திப் படிப்பார்.

தோட்டத்துக்கு மலைத் தண்ணீர் வரும் பீலி ஒன்றுதான். அது மேல் லயத்து வாசலில் விழுகிறது. கீழ் லயத்தார் அதைத் தொடக்கூடாது, அவர்களுக்கு ஓடைதான். போன மழையில் வயிற்றுப்போக்கில் மூன்று பிள்ளைகள் போயின. ஒன்று கீழ் லயத்துப் பெரியாயியுடையது. தண்ணீர்க் கேள்விகளில் எதற்காவது ஒரே ஒரு 'இல்லை' வந்தாலும் கீழே தனிப் பீலி போடுவதாகத் துரை சொல்லியிருந்தார்.

பெரியாயி கொடுத்த ஓடைத் தண்ணீரை மண் வாடையோடு குடித்துவிட்டு லத்தீப் கேட்டார்.

"நெசத்தச் சொல்லு புள்ள. பீலிப் பக்கம் விடுறாங்களா?"

"ஆமான்னே போடுங்க நானா. கங்காணி காதுக்குப் போச்சுன்னா நாளைக்குப் பெரட்டுல எனக்குப் பேரு இல்ல, வேலயும் இல்ல. இன்னும் ரெண்டு கெடக்கே, அதுகளுக்குக் கஞ்சி ஊத்தணும்ல."

கீழ் லயம் முழுதும் 'ஆமாம்' விழுந்தது. மீதி ஒரே தாள், மேல் லயத்து வீரய்யா கங்காணியுடையது. அவர் வேண்டாமென்றால் எந்த வியாபாரியும் மலையேற முடியாது.

"இதுக்கெல்லாம் ஒரு தாளா நானா? இங்க எல்லாரும் ஒருதாய் மக்க. அத்தனைக்கும் ஆமான்னு கிறுக்கிட்டு, பொம்பளைகளுக்குச் சேலையக் காட்டுங்க" என்றார் கங்காணி, வெற்றிலையை மென்றபடி.

லத்தீப் மூட்டையை அவிழ்க்கவில்லை. எழுந்து சிரட்டையை உருவினார். கங்காணியின் மனைவி வழக்கம்போல் உயர்த்தி ஊற்றினாள். ஒரு மிடறு குடித்தார். மிச்சத்தை இரண்டு கையாலும் கங்காணியிடம் நீட்டினார்.

"நீங்களும் ஒரு வாய் குடிங்க, கங்காணியாரே. பொறவு போடுறேன்."

வீரய்யாவின் தாடை அசைவது நின்றது. கை சிரட்டைப் பக்கம் நீளவில்லை. லத்தீப் சிரட்டையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து 'இல்லை' கட்டத்தில் வைத்தார்.