மணிக்கட்டில் மல்லிகை

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, தலையில் வட்டம் வட்டமாக முடி உதிர்ந்தது. புழுவெட்டு என்றார்கள். மதுரை வரை போய் வைத்தியம் பார்த்தும், ஓராண்டில் ஒரு முடிகூட மிஞ்சவில்லை. அதன்பிறகு பள்ளிக்கூடத்தைத் தவிர வேறெங்கும் வர மறுத்தாள்.

ஒருநாள் கெஞ்சிக் கூத்தாடி, தலையில் துணி கட்டி, கடமலைக்குண்டில் ஓர் உறவினர் கல்யாணத்துக்கு அழைத்துப் போனேன். மண்டப வாசலில் சந்தனமும் பூவும் கொடுத்துக்கொண்டிருந்த பெண், இவளுக்கும் பூவை நீட்டினாள். தலையைப் பார்த்ததும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போவோம்மா" என்று மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

எங்களுக்குப் பின்னால் வந்த, முன்பின் தெரியாத ஒரு பெண் தட்டிலிருந்து பூவை எடுத்தாள்.

"பூ வைக்கத் தலைதான் வேணுமா ஆத்தா? கைய இங்கன நீட்டு" என்று மகளின் மணிக்கட்டில் சுற்றிக் கட்டினாள். பிறகு தன் கொண்டையிலிருந்த மல்லிகையை உருவி, "எனக்கும் கையில கட்டிவிடு, பாப்போம்" என்றாள்.

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு, கவனமாக முடிச்சுப் போட்டாள். பந்தி தொடங்குவதற்குள் இன்னும் சில சிறுமிகள், "அந்த அக்கா மாதிரி எனக்கும் கட்டிவிடும்மா" என்று தங்கள் அம்மாக்களை நச்சரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கூட்டத்தில் அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ள முடியவில்லை. மகளுக்கு முடி அதன்பிறகும் வளரவில்லை. ஆனால் அடுத்த கல்யாணப் பத்திரிகை வீட்டுக்கு வந்தபோது, "நாம என்னைக்கும்மா போறோம்?" என்று அவளே கேட்டாள். அந்தப் பெண் எந்த ஊர், எந்தத் திசை என்று தெரியாமலே, அடுப்படியில் நின்றபடி மனதாரக் கும்பிட்டேன்.