ஐரோலிக்குக் கொண்டுபோன தம்ளர்

ஞாயிறு காலை ஏழே முக்காலுக்கு தாராவி வீட்டைப் பூட்டினேன். நேரம் போனால் மெகா பிளாக் என்று தண்டவாள வேலைக்கு நிறுத்திவிடுவார்கள், ரயில் கிடைக்காது. ஒரு கையில் இட்லி மாவு டப்பா, மறு கையில் எவர்சில்வர் தம்ளர். தம்ளரில் என் வீட்டுக்காரர் பேர் வெட்டியிருக்கும். தோல் பட்டறையில் சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் ஒரு பாட்டில் பீர் வாங்கி வந்து அதில்தான் ஊற்றிக் குடிப்பார்.

அடுத்த மாசம் அவருக்கு முதல் வருஷப் படையல். போனவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைப்பது எங்கள் வழக்கம். அந்த பீரை வீட்டிலேயே காய்ச்சப்போவதாக மகள் செல்வி ஐரோலியிலிருந்து போன் பண்ணினாள். நானும் வருகிறேன் என்றேன். எதற்கு என்று சொல்லவில்லை. எழுதவும் வெட்கம்தான். குடித்துவிட்டுப் பக்கத்தில் வந்தால், "அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க" என்று விரட்டுவேன். அந்த வாசம்தான் இப்போது எனக்கு வேண்டும்.

சயானில் பத்து ரூபாய் டிக்கெட். 8.10 ஸ்லோ ரயில். காட்கோபரில்தான் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்த, பாண்டுப்பில் இறங்கவேண்டிய நம்மூர்ப் பெண் என் மடியைப் பார்த்தாள்.

"யாருக்கு ஆச்சி தம்ளரு?"

"அவுகளுக்கு."

"தாத்தா ஐரோலியிலயா இருக்காக? நீங்க இங்க, அவுக அங்க. இந்த வயசுலயும் தம்ளர தூக்கிட்டு ஓடுதீகளே!"

லேடீஸ் பெட்டியே சிரித்தது. இல்லை, செத்துப்போனார் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

தானே வரை இருபது கிலோமீட்டர். அங்கே பாலம் ஏறி வேறு ரயில். ஐரோலியில் இறங்கி ஆட்டோவில் மீட்டருக்கு இருபத்தாறு ரூபாய் கொடுத்து, ஒன்பதரைக்கு செல்வி வீட்டில் இருந்தேன். மருந்துக் கம்பெனி லேபில் வேலை பார்க்கிறவள். சமையலறையில் இருபது லிட்டர் பானையும் தெர்மாமீட்டரும் வைத்திருந்தாள். மால்ட் என்று முளைகட்டிக் காயவைத்த பார்லியை அரைத்து வெந்நீரில் ஊறப்போட்டிருந்தாள். வீடெல்லாம் வறுத்த மாவு மணம்.

பத்து மணிக்கு மீன் வாங்கப் போனாள். மாவு டப்பாவை வைக்க பிரிட்ஜைத் திறந்தேன். மேலே பனிப்பெட்டியில் இரண்டு பொட்டலம், பெரியது ஒன்று, சின்னது ஒன்று. பெரியதைப் பிரித்தால் சின்னச் சின்னப் பச்சைப் பூக்கள், சில்லென்று ஈரமாய் இருந்தன. தாராவியில் மழைக்காலத்தில் எதையும் அப்படி விட்டால் பூசணம் பிடிக்கும். வெயில் கண்ட அன்றே காயவைத்துவிடுவோம். அன்றைக்கு நல்ல வெயில். பேப்பரில் பரப்பி ஜன்னலில் வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வந்தவள் மீன் பையைக் கீழே போட்டாள்.

"யம்மா! என்ன காரியம் பண்ணுன? இது ஹாப்ஸ் பூ, பீருக்குக் கசப்பும் வாசமும் குடுக்கது. காத்தும் வெயிலும் படக்கூடாதுன்னுதான் உறைய வச்சிருந்தேன். மோர்மிளகானு நெனச்சியா?"

"நமத்துப் போயிருந்திச்சேட்டி."

ஒரு பூவைக் கசக்கி மோந்து பார்த்தாள். "வாசம் பாதி போயிட்டு. வாசத்துக்குன்னு வாங்குனதே இதத்தான்."

எதற்கு வந்தேனோ அதையே என் கையால் வெயிலில் காயவைத்திருக்கிறேன்.

செல்வி மீன் பையை எடுத்து பிரிட்ஜில் வைத்தாள். பிறகு மால்ட்டை வடிகட்டி, சாற்றை அடுப்பில் ஏற்றினாள். "சரி, மாத்திப் போடுவோம். மொதல்லயே போட்டு ஒரு மணி நேரம் கொதிச்சா கசப்பு இறங்கும், வாசம் ஆவியாப் போயிரும். அதுக்கு இந்தக் காஞ்சது போதும். கசப்புக்குன்னு வச்சிருந்த சின்னப் பொட்டலத்த கடைசியில போட்டா வாசம் நிக்கும்."

"ரசத்துக்குக் கொத்தமல்லி மாதிரி."

"அதேதான்."

பூக்களைத் துணியில் தளர்வாக முடிந்து கொடுத்தேன். விரலெல்லாம் மஞ்சள் பிசின். சாறு பொங்கிப் பொங்கி வந்தது. கரண்டியால் அடக்கிக்கொண்டு நின்றேன். இரண்டேகாலுக்கு அடுப்பை அணைத்தாள். சின்னப் பொட்டலத்தை உள்ளங்கையில் கொட்டினாள். ஒரு கைப்பிடிகூட இல்லை.

"இது காணாதும்மா. பானைக்கிட்ட மூக்க வச்சாத்தான் தெரியும்."

"அப்பா வாசமும் பக்கத்துல வந்தாத்தான்ட்டி தெரியும்," என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

செல்வி என்னைப் பார்க்காமல் பூவைப் போட்டு மூடினாள். பத்து நிமிஷம் கழித்து மூடியைத் திறந்து, "வா, மோந்து பாரு," என்று தள்ளி நின்றாள். குனிந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. இருந்தது. கொஞ்சம்தான். நான் முகத்தைத் திருப்பவில்லை.

சாற்றை ஆறவைத்து, டிரம்மில் ஊற்றி ஈஸ்ட் போட்டு மூடினோம். புளிக்க இனி மூன்று வாரம். தம்ளரை டிரம் பக்கத்திலேயே வைத்துவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்பினேன். காலையில் ரயிலில் தலையாட்டியது அப்போது பொய்யாகத் தோன்றவில்லை.

ஐரோலியில் ஜன்னலைத் திறந்தால் வெறும் காற்று. தாராவிக்குத் திரும்பி எங்கள் சந்தில் நுழைந்தால் தோல், பசை, வறுத்த மீன், சாக்கடை எல்லாம் கலந்து வரும். அதற்குள்ளும் என் விரல் தனியாக மணத்தது. ஏழு மணிக்கு உப்புமா கிண்டினேன். கையைக் கழுவ மனசில்லை. ஸ்பூனால் சாப்பிட்டேன்.