மேலத்துறையில் எடுத்த தண்ணீர்

மரத்தூளில் புதைத்த ஐஸ்கட்டிக்கு ஒரு வாசனை உண்டு. நனைந்த பலகையும் சாக்கும் கலந்த வாசனை. யுத்த காலத்தில் மதுரையில் ஒரு பத்திரிகையின் புது நிருபராக இருந்தேன். அந்த வாசனை வந்தால் சுகாதார இன்ஸ்பெக்டர் செபாஸ்தியான் சைக்கிளில் வருகிறார் என்று அர்த்தம்.

கேரியரில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே ஐஸுக்கு நடுவில் கண்ணாடி மூடி போட்ட புட்டிகள். ஜனங்கள் குளிக்கும் தண்ணீரை அவற்றில் பிடித்து, ரயிலில் சென்னைக்கு அனுப்புவார். ஐஸ் கரைவதற்குள் போய்ச் சேர வேண்டும். என்ன கிருமி இருக்கிறது என்று அங்கே பார்த்து எழுதுவார்கள்.

ஓர் ஆனி மாதம், விளாங்குடிக்கு அப்பால் ஒரு கண்மாய்க்கு அவரோடு போனேன். சுற்று வட்டாரத்தில் காய்ச்சலும் பேதியும் இருந்தன. கண்மாயில் பாதித் தண்ணீர்தான். பிள்ளைகள் மடைமேலிருந்து தலைகீழாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"கிருமி எம்புட்டு இருக்குங்கிறது பாதிதாம்ப்பா" என்றார் செபாஸ்தியான். "எம்புட்டுத் தண்ணி வயித்துக்குள்ள போகுதுங்கிறது மீதி. பெரியாளு முங்கி எந்திரிச்சுப் போயிருவான். இந்தப் பயலுக பாதிக் கண்மாயக் குடிச்சிட்டுத்தான் ஏறுவானுக."

ஊர் மணியக்காரர் எங்களை மேலத்துறைக்கு அழைத்துப் போனார். "இங்கன எடுங்கய்யா. படிக்கட்டு இருக்கு, வழுக்காது."

வழுக்கவில்லை. செபாஸ்தியான் முழங்கை வரை கையை விட்டுப் புட்டியை நிரப்பினார்.

பத்து நாளில் முடிவு வந்தது. நான் எழுதினேன்: 'கண்மாய் நீர் குளிப்பதற்கு உகந்தது எனப் பரிசோதனையில் தெரிகிறது.' ஒரே வரி. எழுத்துப்பிழைகூட இல்லை.

சில நாள் கழித்து, ஆபீஸ் வாசலில் தலைச்சுமை விறகை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் நின்றாள். பெயர் இருளாயி. அந்த ஊரின் கூலிக்காரர் தெருவைச் சேர்ந்தவள்.

"நல்ல தண்ணின்னு பேப்பர்ல போட்டது நீங்கதானாய்யா?"

"ஆமாம்மா."

"எந்தத் துறைய்யா அது?"

நான் எழுதிய வரியில் துறையின் பெயரே இல்லை. அந்தக் கண்மாயில் குளிக்க இரண்டு துறைகள். மேலத்துறை ஊர்க்காரர்களுக்கு. இருளாயியின் தெருவுக்குக் கீழத்துறை, மாடு குளிப்பாட்டும் இடத்தையும் தாண்டி, கரையின் கடைசியில். ஆனிக் காற்று அடித்தால் கண்மாயின் அழுக்கெல்லாம் அங்கேதான் போய் ஒதுங்கும்.

"என் மகன் நாலு நாளா பேதியில கெடக்கான். பக்கத்து வீட்டுல ரெண்டு பிள்ளைக. எறங்காதீகன்னா எவன் கேக்கான்? டீக்கடையில பேப்பர் வாசிச்சத எங்க ஆளுக வெளிய நின்னு கேட்டிருக்காக, நல்ல தண்ணின்னு. பெறகென்ன... முங்கு நீச்சல்தேன்."

சும்மாட்டுத் துணியை உதறினாள்.

"பிள்ளைகள மட்டுமாச்சும் மேலத்துறையில விடுங்கன்னு மணியக்காரர்ட்டப் போய் நின்னேன். ரெண்டும் ஒரே தண்ணிதானே, பேப்பர்லயே போட்டுருக்குங்கிறாக. தண்ணி ஒண்ணுன்னா, படி எதுக்குய்யா ரெண்டு?"

செபாஸ்தியானிடம் போய்ச் சொன்னேன். அவர் பெட்டியைத் திறந்து காலிப் புட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படியப் பாத்து எறங்கிட்டேன்ப்பா. நீயாவது துறைப் பேரப் போட்டிருக்கலாம்."

"உங்க தாள்ல போட்டிருந்தீங்களாண்ணே?"

"இல்ல."

அன்று மாலையே எழுதிக் கொடுத்தேன்: 'முன்னர் வெளியான முடிவு மேலத்துறைக்கு மட்டுமே பொருந்தும். கீழத்துறை நீர் இன்னும் சோதிக்கப்படவில்லை.' ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, "ஒரு கண்மாய்க்கு ரெண்டு செய்தியா?" என்றார். இருந்தாலும் கடைசிப் பக்கத்து மூலையில் போட்டார். டீக்கடையில் அதையும் வாசித்தார்கள். கீழத்துறையில் பிள்ளைகள் இறங்குவது நின்றது.

மறுநாள் நாங்கள் கீழத்துறைக்குப் போனோம். அங்கே படி கிடையாது. சேற்றில் செபாஸ்தியான் இரண்டு முறை வழுக்கினார். மணியக்காரர் கரையிலேயே நின்றுகொண்டார்.

"ஒரு கண்மாய்க்கு எத்தன தடவைய்யா எடுப்பீக?"

"எத்தன துறை வச்சிருக்கீகளோ அத்தன தடவ."

இந்த முறை முடிவு வேறாக வந்தது. கீழத்துறையில் கயிறு கட்டி, யாரும் இறங்கக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள். அந்தத் தெருவுக்குக் குளிக்க வேறு இடம் காட்டும்படி செபாஸ்தியான் மணியக்காரருக்கு எழுத்தில் உத்தரவு கொடுத்தார். மணியக்காரர் காட்டினார். மேலத்துறையில் அல்ல... அதற்கும் அந்தப் பக்கம், காற்று வரும் திசையில், நாலு கல்லைப் போட்டு மூன்றாவதாக ஒரு துறை.

இருளாயியின் மகன் பிழைத்துக்கொண்டான். அடுத்த முறை விறகோடு வந்தபோது அவளே சொன்னாள். "புதுத் துறையில தண்ணி தெளிவா இருக்குய்யா" என்றாள். சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

அதற்குப் பிறகு எங்கே எந்தச் செய்திக்குப் போனாலும், ஊர்ப் பெயருக்குக் கீழே எந்தப் பக்கம், எந்த ஓரம் என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது.

போன மாதம் ஆனையூர்ப் பக்கம் ஒரு நீச்சல் குளத்துக்குப் பேரனைக் கூட்டிப் போனேன். மரத்தூள் வாசனை இல்லை, குளோரின் நெடி. வாசலில் 'தண்ணீர் பரிசோதிக்கப்பட்டது' என்று பலகை. பழக்க தோஷம்... அங்கிருந்த பணியாளரிடம், "எந்த ஓரத்துல எடுத்தீக தம்பி?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்க எடுத்தா என்ன தாத்தா? எல்லாம் ஒரே தண்ணிதானே."

எட்டிப் பார்த்தேன். அங்கே படி ஒன்றுதான் இருந்தது. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அதில்தான் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வாய மூடிக்கிட்டு முங்குடா" என்று சொல்லிப் பேரனை அனுப்பினேன்.