இடிக்கப் போகும் வீட்டுக்கு மயில்கழுத்து நிறம்

பீரோவின் கால் துருப்பிடித்திருந்தது. அவ்வளவுதான் விஷயம். இருபத்தெட்டு வருடம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த இரண்டாவது வாரம், தரை துடைக்கக் குனிந்தபோது அதைப் பார்த்தேன். தினமும் ஈரத்துணி பட்டுப் பட்டுச் சாம்பல் பூச்சு உரிந்து, அடியில் இரும்பு செதில் செதிலாகச் சிவந்திருந்தது. என் கல்யாணத்துக்கு வாங்கிய பீரோ. கதவுக் கண்ணாடியின் ஓரத்தில் எத்தனையோ வருடத்து ஸ்டிக்கர் பொட்டுகள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. காலுக்கு மட்டும் ஒரு பூச்சு கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில், குளத்திலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தோம். மொத்தம் பன்னிரண்டு சொந்த வீடுகள். லிஃப்ட் கிடையாது. மகன் வேலைக்காக வெளியூர் போய்விட்டான். நானும் கணவரும்தான். அவருக்கு ஒரு மருந்து கம்பெனியில் வேலை. காலை எட்டரைக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஏழுக்குத்தான் வருவார்.

மாட வீதிக்குப் பின்னால் இருக்கும் ஹார்டுவேர் கடைக்குப் பெயிண்ட் வாங்கப் போனேன். கடைக்காரர் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்து போகிற ஒரு பாய்.

“இன்னாம்மா, மரத்துக்கா இரும்புக்கா?”

“இரும்பு. பீரோ.”

“மொதல்ல உப்புத்தாள் போட்டு நல்லாத் தேச்சிடும்மா. அப்பால ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு. அது காஞ்சப்பறந்தான் கலரு. நேரா அடிச்சா உரிஞ்சிக்கினு வந்துடும்.”

சாம்பல் நிறம் வேண்டும் என்றேன். கடையில் கூட்டம். பேசிக்கொண்டே பின்னால் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். மூடியில் ஒரு எண் மட்டும் எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து தேய்த்து, செம்மண் நிறத்தில் அந்த முதல் பூச்சைப் பூசி, மறுநாள் டப்பாவைத் திறந்தேன். உள்ளே இருந்தது சாம்பல் இல்லை. மயில்கழுத்து. எனக்கு நிறங்களின் பெயர் எல்லாம் புடவை வழியாகத்தான் தெரியும். அரக்கு, வாடாமல்லி, வெங்காயச் சருகு. இது சந்தேகமே இல்லாமல் மயில்கழுத்து. திரும்பக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கிளறிப் பார்க்காமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். கிளறினேன். அடியில் தங்கியிருந்த நீலம் சுழன்று மேலே வந்தது. பீரோவின் பின்பக்கம்தான், யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன்.

நான்கு நாளில் பீரோ முழுக்க மயில்கழுத்தாகிவிட்டது. அந்த நான்கு நாளும் நான் எப்படிச் சாப்பிட்டேன், எப்போது குளித்தேன் என்று சரியாக நினைவில்லை. பிரஷ்ஷின் நுனி விளிம்பை ஒட்டிக் கோணாமல் போனால் மூச்சை விடுவேன். அதுவரை மூச்சு விட்டேனா என்பதே தெரியாது. ஒரு நாள் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று காதில் விழாமல் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அப்படிப்பட்டவள் இல்லை நான்.

கணவர் படுக்கையறை வாசலிலேயே நின்றார். “இது நம்ம பீரோவா?”

“கலர் மாத்திக் குடுத்துட்டாங்க.”

“அப்ப திருப்பிக் குடுத்திருக்கலாமே?”

குடுத்திருக்கலாம். டப்பாவின் மூடியை அழுத்தி மூடினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் வீட்டுக்காரர்கள் சங்கக் கூட்டம். எங்கள் சங்கத்தின் செயலாளர் மூன்றாவது மாடி மாமி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பில்டர் வந்திருக்கிறார், பழைய கட்டடத்தை இடித்துவிட்டு ஐந்து மாடியாகக் கட்டித் தருவார், எல்லோருக்கும் இப்போது இருப்பதைவிடப் பெரிய வீடு, லிஃப்ட், இரண்டு வருடம் வெளியே இருந்தால் போதும், ஆனால் பன்னிரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும் என்று விளக்கிவிட்டு, “சம்மதம்னா கையத் தூக்குங்கோ” என்றார்.

முதலில் தூக்கியது நான்தான். என் முழங்காலுக்கு அந்த இரண்டு மாடிப் படிகள் எவ்வளவு பகை என்பது எனக்குத்தான் தெரியும். கையை இறக்கும்போதுதான் பார்த்தேன், நகக்கண்ணெல்லாம் நீலமாக இருந்தது.

மறுநாள் காலை அதே கடைக்குப் போய் மாம்பழ மஞ்சள் வாங்கி வந்தேன்.

சமையலறை அலமாரிக் கதவுகளுக்குத்தான். அவற்றின் பழுப்பு நிறத்தை எத்தனையோ வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடிக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அது முடிந்ததும் கூடத்துச் சுவர். ஆணி அடித்த ஓட்டைகளையும் விரிசல்களையும் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். மேடு பள்ளம் தட்டாமல் கை வழுக்கிக்கொண்டு போகும்போது, சொன்னால் சிரிப்பார்கள், கண்ணில் நீர் வரும். சாப்பாட்டு மேசையின் நான்கு நாற்காலிகளுக்கும் நான்கு நிறம். காலையில் எழுந்து கூடத்துக்கு வந்தால் ஒரு நிமிடம் யார் வீட்டில் இருக்கிறோம் என்று தடுமாறும். அந்தத் தடுமாற்றமும் பிடித்திருந்தது.

“இது இடிக்கப் போற வீடும்மா” என்றார் கணவர் ஒரு நாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

“தெரியும்.”

“நீதான மொதல்ல கையத் தூக்குன?”

“ஆமா.”

“அப்ப எதுக்கு இதெல்லாம்?”

“தெரியலைங்க.”

“தெரியலைன்னா எப்படி? உனக்கு இங்கருந்து போக இஷ்டமில்லையா? இருந்தா இப்பவே சொல்லிடு.”

இஷ்டம்தான். அதில் பொய்யே இல்லை. லிஃப்ட்டை நினைத்தால் சந்தோஷமாக இருந்தது. விரிசலில் பட்டி வைக்கும்போதும் சந்தோஷமாக இருந்தது. இரண்டும் எனக்குள்ளேயேதான் இருந்தன. ஆனால் ஒன்றுக்கு இன்னொன்றைத் தெரியாது போலிருந்தது. அலுவலகத்தில் ஒரு காகிதம் என் மேசையைத் தாண்டினால் ஏன் தாண்டியது என்று ஓரத்தில் எழுதி வைப்பேன். அப்படியே பழகியவளுக்கு, தான் செய்கிற வேலைக்கு ஒரு வரிக் காரணம்கூட எழுத வராதது பெரிய அவஸ்தையாக இருந்தது. ஒருவேளை எனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். வேலையை விட்டவர்களுக்குச் சில மாதம் இப்படி இருக்கும் என்று எங்கோ கேட்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் மாமி கீழே இறங்கி வந்தார். வாசலில் நின்று கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“என்னடிம்மா, ஆத்துக்கு பெயிண்ட் அடிச்சிண்டிருக்கியாமே? கையெழுத்துப் போடறதுல ஏதாவது யோசனை மாறிடுத்தா?”

“இல்ல மாமி. போடத்தான் போறேன்.”

“கீழாத்துல பேசிக்கறா. நீ பில்டர்கிட்ட இன்னும் ஜாஸ்தி கேக்கறதுக்குத்தான் இப்படியெல்லாம் பண்றியாம். நான் நம்பலை. ஆனா செக்ரெட்டரியா ஒரு வார்த்தை கேக்கணுமோல்லியோ?”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அப்படியெல்லாம் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே கேட்டது. மாமி சமையலறைக்குள் போய் மஞ்சள் கதவில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“அழகாத்தான் இருக்கு” என்றார். “அதான் எனக்கு பயமா இருக்கு.”

அடுத்த வாரம் பில்டரின் ஆள் வந்தார். டக் இன் பண்ணிய சட்டை, கையில் ஃபைல். காபி கொடுத்தேன். நீல நாற்காலியில் உட்காரலாமா, ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

“வீட்டுக்கு நெறைய செலவு பண்ணியிருக்கீங்க போல மேடம். உங்க எதிர்பார்ப்பு என்னன்னு சொன்னா, சார்கிட்ட பேசிடலாம்.”

“எதிர்பார்ப்பு ஒண்ணும் இல்ல.”

அவர் சிரித்தார். “மொதல்ல எல்லாரும் அப்படித்தான் மேடம் சொல்லுவாங்க. கெழக்கு பாத்த மூலை வீடு ஒண்ணு இருக்கு. நாலாவது மாடி. அத உங்களுக்குன்னு வச்சிடட்டுமா?”

ஒரு விநாடி ஆசை வந்தது. மறைப்பானேன். கிழக்கு வெயில் விழுகிற ஒரு கூடத்தை மனசு அந்த ஒரு விநாடிக்குள் பார்த்துவிட்டது. பின்னாலேயே ஒரு பயம்: எனக்கே தெரியாமல் நான் இத்தனை நாளும் பேரம்தான் பேசிக்கொண்டிருந்தேனா? ஊரெல்லாம் சொல்வதுதான் நிஜமா? “வேண்டாங்க” என்றேன். அவர் ஃபைலில் என்னவோ எழுதிக்கொண்டு போனார்.

சாயங்காலம் அதைக் கணவரிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

“கெழக்கு மூலையா? அவனே குடுக்கறேன்னானா? நீ வேண்டாம்னுட்டியா?”

“நாம கேக்கலையே.”

“கேக்காம வர்றதத்தான வாங்கிக்கணும்! உன்ன எனக்குப் புரியவே இல்ல.”

அப்புறம் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவருக்குப் புரியாதது எனக்கும் புரியவில்லை. இதில் யாரைக் கோபித்துக்கொள்வது?

ஞாயிறு காலை நடைக்குப் போனவர் கையில் ஒரு புது பிரஷ்ஷோடு வந்தார். “ஏதாவது ஒரு கதவ எனக்குக் குடு” என்றார். சமாதானத்துக்கு வந்திருக்கிறார் என்று புரிந்தது. படுக்கையறைக் கதவையும் அரக்கு டப்பாவையும் கொடுத்தேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னவோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு, பிரஷ்ஷை டப்பாவில் கழுத்து வரை முக்கி முக்கி அடித்தார். பெயிண்ட் கதவில் ஒழுகிக் கோடு கோடாக இறங்கியது. மூக்கில், காதில் எல்லாம் அரக்கு. “எப்படி இருக்கு?” என்று பத்துத் தடவை கேட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. என் கதவு, என் டப்பா, யாரைக் கேட்டு உள்ளே வந்தார் என்று. நான்தான் எடுத்துக் கொடுத்தேன் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை. இதுவரை நான் அவரோடு எதையும் பங்கு போட மறுத்ததில்லை. “நல்லா இருக்கு” என்றேன்.

திங்கட்கிழமை அவர் கிளம்பியதும், ஒழுகிய கோடுகளைத் தேய்த்துவிட்டுக் கதவின் மேல் பாதியை மறுபடி அடித்தேன். கீழ்ப் பாதிக்கு வந்தபோது கை ஓடவில்லை. வெட்கமாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன். சாயங்காலம் அவர் கதவின் முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“மேல் பாதி நான் அடிச்ச மாதிரியே இல்லையே?”

“காஞ்சா அப்படித்தான் ஆகும்.”

“ஓ” என்றார். நம்பினாரா, நம்பியதாக விட்டுக்கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.

பதிவு அலுவலகத்துக்குப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் ஒன்றாகப் போனோம். கையெழுத்து முடிந்ததும் ஒவ்வொருவராகக் கண்ணாடி வைத்த ஒரு சின்ன இயந்திரத்தில் கட்டை விரலை வைக்க வேண்டும்; ரேகையை எடுத்துக்கொண்டால் பச்சை விளக்கு எரியும். என் முறை வந்தது. வைத்தேன். எடுக்கவில்லை.

“நல்லா அழுத்துங்கம்மா” என்றார் அங்கிருந்த ஊழியர்.

அழுத்தினேன். எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தேன். அப்போதும் இல்லை. கீழ் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். மாமி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “என்னடியிது, வெரலே மாட்டேங்கறது!” என்றார்.

ஊழியர் என் கையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். “இன்னாம்மா வேலை பண்றீங்க? ரேகையே தேஞ்சி போய்க்கீதே?”

“உப்புத்தாள்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. மாதக்கணக்கில் தேய்த்ததில் சுவரோடு என் விரலும் வழுவழுப்பாகிவிட்டது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். இடித்துக்கொள்ளுங்கள் என்று முழு மனசோடு சொல்ல வந்தவளை, இயந்திரம் நீ யார் என்றே தெரியவில்லை என்கிறது. கணவர் என் பக்கத்தில் வந்து நின்றார். “எடது கையப் பாப்போம்” என்று அவரே என் இடது கட்டை விரலைப் பிடித்து, தன் கைக்குட்டையால் துடைத்து, இயந்திரத்தில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் யாரோ கைகூடத் தட்டினார்கள்.

இப்போது பாலவாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். பழைய கட்டடம் தரைமட்டமாகி, புதிதாக மூன்றாவது மாடி வரை தூண் எழும்பிவிட்டது. கிழக்கு மூலை வேறு யாருக்கோ போய்விட்டது. எங்களுக்கு மேற்குப் பார்த்த வீடு. பீரோவும் நாற்காலிகளும் எங்களோடுதான் இருக்கின்றன. கடல் காற்றுக்கு இரும்பு தாங்காது என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

போன மாதம் தி.நகரில் உள்ள பில்டர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள், உள்சுவர்களுக்கு நிறம் தேர்ந்தெடுக்க. அதே ஃபைல்காரர்தான். சீட்டுக்கட்டு மாதிரி வண்ண அட்டைகளை மேசையில் விரித்தார்.

“கலர் விஷயத்துல மேடத்துக்கு நாங்க சொல்ல வேண்டியதே இல்ல” என்றார்.

கணவர் பெருமையாக நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எனக்கு இடம் விட்டார். நான் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோயும் பார்த்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

“எல்லாம் வெள்ளையே இருக்கட்டும்” என்றேன்.

இருவரும் என்னையே பார்த்தார்கள். “எல்லா ரூமுமா?” என்று கேட்டார் கணவர்.

“எல்லா ரூமும்.”

அலுத்துப்போய்ச் சொன்னேனா, பிறகு நானே அடித்துக்கொள்ளலாம் என்று சொன்னேனா, இன்று வரை எனக்குத் தெளிவில்லை. ஃபைல்காரர் படிவத்தில் வெள்ளை என்று எழுதி என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.