ஆதரவற்றவர் வீட்டுக் காப்பி

ஏழை என்று மனு போட்டவர் ஏழைதானா என்று பார்த்து எழுத ஓர் ஆளைப் போட்டு, அந்த ஆள் ஒழுங்காகப் பார்த்தாரா என்று பார்ப்பதுதான் தொண்ணூறுகளில் நான் செய்த தாசில்தார் வேலை. முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதி நடையாய் நடந்தவர்களே, மேசைக்கு இந்தப் பக்கம் நாங்களும் நிம்மதியாக இல்லை.

ஆள் பிடித்தது

எனக்கு முதலில் வாய்த்த ஆய்வாளர் இளகிய மனசுக்காரர். யார் கண்ணைக் கசக்கினாலும் 'ஆதரவற்றவர்' என்று எழுதிவிடுவார். அரிசி ஆலை வைத்திருந்தவருக்கும் அப்படி எழுதியதில் எனக்கு மெமோ வந்தது. அடுத்து, கறாரான ஆளாகத் தேடிப் பிடித்தேன். பெருந்துறைக்காரர், பெயர் சுப்பிரமணி. எப்படி விசாரிப்பீர்கள் என்று கேட்டேன்.

"கண்ணுல பட்டத எழுதுவனுங்க சார். படாதத எழுத மாட்டனுங்க."

சோமனூர் அறிக்கை

ராமாயம்மாள் சோமனூரில் விசைத்தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றியவர். கண் மங்கியதும் வேலை போயிற்று. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. உதவித்தொகை வந்தால்தான் அடுப்பு எரியும் என்று மனுவில் இருந்தது. நேரில் போய் வந்த சுப்பிரமணி எழுதினார்: 'பிளாஸ்டிக் நாற்காலி, எவர்சில்வர் டம்ளர், காப்பி, மிக்சர். ஆதரவற்றவர் அல்ல.' மனு தள்ளுபடி. கீழே கையெழுத்துப் போட்டது நான்தான். காப்பி கொடுத்ததற்கா தள்ளினீர்கள் என்று ஒப்புக்குக் கேட்டுவைத்தேன்.

"சர்க்கரை தூக்கலாவே போட்டிருந்தாங்க சார்."

மறு விசாரணை

அம்மாள் மறுபடி மனு போட்டார். இந்தத் தடவை சுப்பிரமணியையும் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். ஒற்றை அறை. ஓர் அடுப்பு, ஒரு சட்டி, ஒரு பாய். "வாங்க சார், இதா வந்தர்றனுங்க" என்று சுவரைத் தடவிக்கொண்டு வெளியே போனார்.

பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வந்தது. எதிர்வீட்டிலிருந்து டம்ளர் வந்தது. வீடு தேடி வந்தவரை வெறும் வாயோடு அனுப்பும் பழக்கம் எங்கள் பக்கம் யாருக்கும் கிடையாது. எனக்கும் தெரியும், சுப்பிரமணிக்கும் தெரியும். ஆபீஸ் வேலை என்றதும் இரண்டு பேருமே மறந்துவிட்டோம். எனக்கு வெட்கமாக இருந்தது. சுப்பிரமணி நோட்டை எடுத்து, 'நாற்காலி பக்கத்து வீடு, டம்ளர் எதிர்வீடு' என்று எழுதிக்கொண்டார். ராமாயம்மாள் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"போன தடவ இந்தச் சாருக்குக் காப்பி புடிக்கலையாட்டங்க, அதான் ஆவாதுன்னு எழுதிப்போட்டாரு. உங்களுக்கு எளநி சொல்லியிருக்கறனுங்க."

இளநீரைக் குடித்துவிட்டு அங்கேயே உதவித்தொகைக்குக் கையெழுத்துப் போட்டேன். 'உட்காரும் முன் நாற்காலி யாருடையது என்று கேட்கவும்' என்று ஆய்வாளர்களுக்கு மறுநாள் நான் அனுப்பிய சுற்றறிக்கையை, எனக்குத் தெரிந்து, இன்றுவரை யாரும் ரத்து செய்யவில்லை.